சக்கரத் தடத்தின் கீழே

மேடையில் இருக்கும் பாதிரியார் அவர்களே, ஊர்த் தலைவர் விட்கோம் அவர்களே, நனைந்த மேலங்கியோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஆரிகன் பள்ளத்தாக்கின் பெருமக்களே!

இங்கே குடியேற வந்த நம் இருபத்தாறு மாட்டு வண்டிகளை மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து இரண்டாயிரம் மைல் நடத்தி வந்த கேப்டன் எசேக்கியேல் பிராண்ட், இதோ, பெட்டிக்குள் கிடக்கிறார். அவரைப் புகழ என்னை எழுப்பிவிட்டிருக்கிறீர்கள். புகழ்வேன். ஆனால் எதையும் மறைக்காமல்தான் புகழ்வேன்.

இந்த ஊருக்கு முதல் பாலம் போட்டவர் யார்? கேப்டன் பிராண்ட்! முதல் பனிக்காலத்தில் தன் உழவு மாடுகளை அறுத்து வீட்டுக்கு வீடு பங்கு வைத்தவர் யார்? கேப்டன் பிராண்ட்! பிளாட் ஆற்றங்கரையில் நம்மில் பதினொரு பேரைக் கொன்றவரும் அவர்தான்.

முணுமுணுக்காதீர்கள்! அவரே சொன்னதைத்தான் சொல்கிறேன். ஆறு சேறாக ஓடியது. முன்னால் போன கூட்டத்தார் கரையில் தோண்டிவிட்டுப் போன குழிகளில் தண்ணீர் தெளிந்து நின்றது.

"ஆத்துத் தண்ணி வேணாம். குழித் தண்ணியக் குடிங்க, எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க" என்றார். குடித்தோம். நான்கு நாளில் பதினொரு பேரைக் காலரா கொண்டுபோனது. பதினோராவது, என் மகள் ஆர்ஃபா. நாலு வயது.

வழக்கப்படி பாதையின் நடுவிலேயே புதைத்தோம். மேலே வண்டிகளை ஓட்டி மண்ணை இறுக்கினால்தான் ஓநாய் தோண்டாது. சிலுவைகூட வைக்க முடியாது. அன்று முன்னால் நின்றது என் வண்டி.

"ஓட்டுய்யா, லூதர்."

"என் புள்ள மேல நானே எப்படி ஓட்டுவேன்? நீங்க குடிக்கச் சொன்ன தண்ணிதானே கேப்டன்! நீங்களே ஓட்டுங்க!"

என் சாட்டையை வாங்கிக்கொண்டு, அழுதபடியே மாடுகளை அவரே ஓட்டினார். மற்ற வண்டிகள் பின்னால் வந்தன. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடம் அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த நான்கு நாளும் அதே தண்ணீரில் காப்பி மட்டும் போட்டுக் குடித்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று யோசித்தவர் அவர் ஒருவர்தான். அதன் பிறகு ஒவ்வொரு கோடையிலும் கிழக்கே பத்து நாள் குதிரையில் போய், வருகிற வண்டிகளை மறித்துக் கத்துவார்: "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்கடா, முட்டாப் பசங்களா!" காப்பிக் கிழவன் என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் உயிரோடு வந்து சேர்ந்தார்கள்! உங்களில் பாதிப் பேர் அப்படி வந்தவர்கள்தானே?

போன செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிட்டனுப்பி, சாகக் கிடந்த படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குன்று மேல பளிங்குக் கல்லு நட்டீங்கன்னா எழுந்து வந்து ஒதைப்பேன், லூதர். அந்தப் பதினொரு பேருக்குச் செஞ்சத எனக்கும் செய்ங்க. மொத வண்டி உன்னோடது."

தலைவர் அவர்களே, நீங்கள் வரவழைத்த கல்லைப் பாலத்தில் பதித்துவிடுங்கள். இங்கே ஓநாய் ஏது என்று கேட்கிறீர்களா? இது ஓநாய்க்காக இல்லை. அவர்கள் கிடக்கிற மாதிரியே தானும் கிடக்க வேண்டும் என்று கேட்டார், அவ்வளவுதான்.

வருகிற கோடையில் கிழக்கே நான் போகிறேன். கத்துவதற்கு எனக்கும் தொண்டை இருக்கிறது.

மழை விடட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பாதையில் குழி வெட்டியாகிவிட்டது. என் மனைவி டெல்ஃபியா மாடுகளைப் பூட்டி, சாட்டையோடு வாசலில் நிற்கிறாள். உங்கள் வண்டிகளைக் கொண்டுவாருங்கள். அன்று என்னால் முடியவில்லை. இன்று முதல் வண்டியை நான் ஓட்டுகிறேன்.