கிட்னி குடுக்கப் போறவர்

உருளைக்கிழங்கை இரண்டு தண்ணீரில் அவிக்க வேண்டும். சிறு துண்டுகளாக வெட்டி ஊறவைத்து, ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் மறுபடி அவித்தால் கிழங்கிலுள்ள பொட்டாசியம் பெரும்பாலும் போய்விடும். சுவையும் போய்விடும். சிறுநீரகம் பழுதானவருக்குச் சமைப்பவர் சுவையைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. லண்டன் இல்ஃபோர்ட்டில் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நல்ல காரியமும் செய்தவன் என்று தெரியட்டும் என்பதற்காகவே இதை முதலில் சொல்கிறேன்.

அண்ணை குகதாசன்தான் என்னை லண்டனுக்குக் கூப்பிட்டவர். அவர் வீட்டு மேலறையில், கல்யாணம் ஆகாத தம்பியாகக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். அவருக்குச் சிறுநீரக வருத்தம் என்று தெரிந்தபோது அண்ணி தவமலர் பகல் ஷிப்டில் நின்றார். எனவே சமையலை நான் எடுத்துக்கொண்டேன். தேங்காய்ப்பால், தக்காளி, வாழைப்பழம் எல்லாவற்றையும் நிறுத்தினேன். உப்பைக் கண்ணில் காட்டவில்லை. ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர், "உங்களுக்கு உங்கள் தம்பிதான் மருந்து" என்று அண்ணையிடம் சொன்னார். பொய்யல்ல. என் கைச் சாப்பாட்டில் அவர் டயலிசிஸ் இல்லாமல் நெடுநாள் தாக்குப்பிடித்தார்.

2004இல் நிலைமை மோசமாகி, மாற்றுச் சிறுநீரகம் வேண்டும் என்றார்கள். அண்ணியின் இரத்தம் பொருந்தவில்லை. அன்று வீடு நிறைய ஆட்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் தாறன்" என்று என் வாய் சொன்னது. அதைக் கேட்டு மற்றவர்களைப் போலவே நானும் திடுக்கிட்டேன்.

அதன் பிறகு என் மதிப்பு மாறியது. கோயிலில் வழி விட்டார்கள். கல்யாண வீடுகளில் முன்வரிசையில் இருத்தினார்கள். "இவர்தான் தமையனுக்குக் கிட்னி குடுக்கப் போறவர்." அதுவரை என்னை யாரும் பெயருக்கு மேல் எதுவும் சொல்லி அறிமுகப்படுத்தியதில்லை. கொடுக்காத கிட்னிக்கே இவ்வளவு மரியாதை என்றால், கொடுத்தால் எவ்வளவு என்றுதான் வேறொருவன் யோசித்திருப்பான். கொடுக்காமலே இதை நீட்டினால் என்ன என்று நான் யோசித்தேன்.

பரிசோதனையில் எல்லாம் பொருந்தியது. இரத்தத்தில் சீனி மட்டும் எல்லைக்கோட்டில் நின்றது. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் போதும் என்றார் நேர்ஸ். பிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்: "விருப்பமில்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள். நீங்கள் தகுந்தவர் இல்லை என்று மட்டும் வீட்டுக்குச் சொல்லிவிடுவோம். காரணம் யாருக்கும் தெரியவராது."

எனக்கு விருப்பமில்லை. கத்தி என்றால் பயம். ஆனால் அதை அந்த ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியிருந்தது. அவரோ என்னை அவ்வளவு மதிப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். "முழு விருப்பம்" என்றேன்.

வெளியே வருவதற்குள் வழி தெரிந்துவிட்டது. சாப்பாட்டால் ஒரு வருத்தத்தை அடக்கி வைக்கலாம் என்றால், சாப்பாட்டால் ஒன்றை வரவழைக்கவும் முடியும். அந்தத் துறையில் எனக்கு அனுபவமும் இருந்தது.

வீட்டில் அண்ணையோடு இருந்து அவருடைய உப்பில்லாத கறியையே சாப்பிட்டேன். மற்றதெல்லாம் என் காருக்குள் நடந்தது. மட்டன் றோல்ஸ், கொத்து றொட்டி, லட்டு, போத்தல் போத்தலாகச் சோடா. பசியில்லாமல் சாப்பிடுவது இலேசான வேலையல்ல. அதற்கு விடாமுயற்சி வேண்டும். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த ஒரே காரியம் அதுதான்.

அண்ணைக்கு என் உடம்பைப் பார்த்துக் கவலை.

"சற்குணம், நீயும் என்ர சாப்பாட்டைத்தானே சாப்பிடுறாய். பிறகேன் இப்பிடி ஊதுறாய்?"

"உடம்பு வாகு அண்ணை."

"வா, நடப்பம். நானும் வாறன்."

நாலடி வைத்தால் மூச்சு வாங்கும் மனிதர், பின்னேரங்களில் என்னை வலன்டைன்ஸ் பார்க்குக்குக் காரை விடச் சொன்னார். கண்ட வாங்கிலெல்லாம் உட்கார்ந்து இளைப்பாறினார். "எனக்காக நில்லாதை, ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வா" என்பார். நான் மரங்களுக்கு அப்பால் நின்ற காருக்குப் போய் ஒரு றோல்ஸைச் சாப்பிட்டுவிட்டு, கொஞ்சம் வியர்க்கட்டும் என்று கடைசித் தூரத்தை ஓடி வருவேன். அவர் கைதட்டுவார்.

இடையில் பாரிஸிலிருந்து தங்கை குமுதினி போன் எடுத்தாள்.

"சின்னண்ணை, நான் வந்து டெஸ்ட் செய்து பாக்கட்டே? எனக்கும் பெரியண்ணையின்ர ரத்தம்தானே."

"உனக்குச் சின்னப் பிள்ளையள். நான் இருக்கேக்கை நீ ஏன்?"

"உங்களுக்கு உண்மையாய் ஏலுமோ?"

"ஓம். நீ கேட்டதை அண்ணையிட்டைச் சொல்லிப்போடாதை, கவலைப்படுவார்."

அவள் அழுதாள். நான் தெய்வம் என்றாள். நான் மறுக்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் சித்தியடைந்தேன். சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் வந்திருந்தன. இனி உங்களிடமிருந்து எடுக்க முடியாது என்று டொக்டர் மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னார். நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அண்ணைதான் என் முதுகைத் தடவினார்.

"விடடா. நீ மனதாலை தந்திட்டாய்."

அன்றைக்காவது குமுதினியைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் கொடுத்துவிட்டால் முன்வரிசையில் அவளையல்லவா இருத்துவார்கள். ஆகவே அவளிடம், "திகதி தள்ளிப் போட்டிருக்கினம்" என்றேன். அண்ணையிடம், "கொஞ்சம் பொறுங்கோ, சீனியைக் குறைச்சுப்போட்டுத் திரும்பப் போறன்" என்றேன். இருவரும் நம்பினார்கள். அண்ணை டயலிசிஸுக்குப் போய்ப் போய் எனக்காகக் காத்திருந்தார். அந்த மாரிக் குளிரில் ஒருநாள், மெஷினுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தபடியே போய்விட்டார். இருதயம் நின்றதுதான் காரணம் என்று எழுதினார்கள். நிறுத்தியவன் நான்.

செத்தவீட்டுக்கு வந்தவர்களிடம் அண்ணி, "குடுக்க ஏலாமல் போச்சே எண்ட ஏக்கத்திலைதான் இவருக்கும் இந்த வருத்தம்" என்று சொல்லி அழுதார். இப்போது எனக்குச் சமைப்பவர் அவர்தான். குரக்கன் புட்டு, பாகற்காய், அளவாகக் கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு. காரில் சாப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது.

போன கிழமை கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து நேர்ஸ் சிரித்தார். மருந்தே இல்லாமல், சாப்பாட்டால் மட்டும் சீனி சீராகிவிட்டதாம். பிரஷரும் இறங்கிவிட்டதாம். "சிறுநீரகம் இரண்டும் அருமையாக வேலை செய்கின்றன" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த நிலையில் கேட்டிருந்தால் அண்ணைக்கு ஒன்றைக் கட்டாயம் கொடுத்திருப்பேன். அவர்தான் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.