எட்டுக்குள் ஊன்றிய கால்

இன்று காலை ஏழரை மணிக்கு உறுதியான செய்தி இது: மரகதத்துக்குக் கை நடுங்குகிறது. சொன்னவர் மரகதமேதான், போனில். இப்போது மணி பத்தே முக்கால். பதினொரு மணிக்கு அவர் டிரைவிங் லைசென்ஸ் தேர்வில் ஸ்கூட்டரில் எட்டுப் போட வேண்டும். அதற்குள் இந்த மேடையில் அவர் கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்னக் கதைதான்... கேளுங்கள்.

மரகதத்துக்கு நாற்பத்தொரு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை. இனிமேல் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்க வேண்டும், மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் இல்லையென்றால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு ஓட்டத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் தேர்வு மைதானத்தில் வாகன ஆய்வாளர் வந்து நின்றால் போதும்... நெஞ்சு அடிக்கும், காது அடைக்கும், கை மரத்துப்போகும். இரண்டு முறை எட்டு பாதியிலேயே நின்றது.

அப்புறம்தான் ஜெசிந்தா என்ற மனநல ஆலோசகரிடம் போனார். அவர் ஒரே ஒரு பயிற்சி கொடுத்தார். "பதற்றம் வந்தா மல்லுக்கட்டாதீங்க. மூச்சைக் கவனிங்க. ரெண்டு பாதமும் தரையில படுறதை உணருங்க." பத்து நாள், தினம் ஐந்து நிமிடம், நாற்காலியில் உட்கார்ந்து மரகதம் அதைச் செய்தார். ஒரு நாளும் தவறவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாவது தேர்வு. வண்டியைக் கிளப்பினார். முதல் வளைவு... தாண்டிவிட்டார். இரண்டாவது வளைவு... நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. என்ன செய்தார் தெரியுமா? கற்றுக்கொண்டதை அப்படியே செய்தார். பாதத்தைத் தரையில் வைத்தார்!

எட்டுப் போட்டவர்கள் சிரிக்கிறீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: எட்டுக்குள் கால் ஊன்றினால் ஃபெயில்.

ஆய்வாளருக்கே தாங்கவில்லை. "ஏம்மா, வண்டி சாயவே இல்லையே! எதுக்குக் காலை ஊனுன?"

"பாதத்தை உணரணும்னு சொன்னாங்க சார்."

"நல்லா உணர்ந்த போ! அடுத்த ஆள் வாப்பா!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மரகதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே ஜெசிந்தாவிடம் போனார்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன் மேடம். பயம் போகவே இல்ல. வேலைதான் போகப்போகுது."

"பயம் போகும்னு நான் சொன்னேனா?"

மரகதம் யோசித்தார்... "சொல்லல."

"ஆனா பாதத்தைத் தரையில வைக்கச் சொன்னேன். அது என் தப்பு. உங்களை வண்டியில உட்காரவெச்சுச் சொல்லியிருக்கணும். சரி... வண்டி ஓட்டும்போது பாதம் எங்க இருக்கு?"

"ஃபுட்போர்டுல."

"அதை உணருங்க. அது அதிருமே?"

"அதிரும் மேடம்."

"அதிருதுன்னு வண்டி நின்னுடுதா?"

மறுநாளிலிருந்து மரகதம் வீட்டு வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து பயிற்சி செய்தார். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாராம், "என்ன மரகதம், பெட்ரோலை எரிச்சுத் தியானமா?"

இன்று காலை நான் கேட்டேன்: "பயம் போயிடுச்சாம்மா?"

"எங்க சார் போகுது! கை நடுங்குது."

"அப்போ?"

"நடுங்குறது தெரியுது சார். வலது கை கொஞ்சம் அதிகம். போன தடவை அதுகூடத் தெரியல."

இதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன். உங்களில் எத்தனை பேர் இதே பயிற்சிக்கு மூன்று நாள் கண்மூடி உட்கார்ந்துவிட்டு, 'பதற்றம் போகலையே' என்று எழுந்து போனவர்கள்? பதற்றத்தை விரட்டுகிற பயிற்சி அல்ல இது. பதற்றம் இருக்கும்போதே கை எங்கே, கால் எங்கே, வளைவு எங்கே என்று தெரிந்துகொள்கிற பயிற்சி. நாற்காலியில் தொடங்குங்கள். ஆனால் நாற்காலியிலேயே விட்டுவிடாதீர்கள். உங்கள் நெஞ்சு எங்கே அடிக்கிறதோ, அங்கே கொண்டுபோய்ச் செய்து பாருங்கள்.

மரகதம் தேறுவாரா? எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். இப்போது மணி பத்து ஐம்பது. பதினொன்றுக்குப் பெயரைக் கூப்பிடுவார்கள். பதினொன்றேகாலுக்குள் முடிவு தெரியும். போன் இதோ, மைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது... மன்னியுங்கள், அதை நான் சைலன்டில் போடவில்லை.