கம்பெனிச் சங்கு

திருவொற்றியூரிலிருந்து வரும் பஸ் டோல்கேட்டை நெருங்கியபோது மணி ஒன்பது ஆகப்போகிற நேரம். என் முன் சீட்டில், கம்பெனிப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்:

"சங்கு ஊதாம நான் எப்படி மாமு வேலைக்குப் போவேன்?"

"இன்னா நைனா சொல்றே?"

"காலைச் சங்குலேர்ந்து சாயங்காலச் சங்கு வரைக்கும் வேலைன்னு அக்ரிமெண்ட்ல கீது. கம்பெனியில ஸ்ட்ரைக்கு, சங்கே ஊதறதில்ல. நேத்து சாயங்காலம் வூட்டுக்குக் கிளம்பினேன். பள்ளிக்கூட மேனேஜரு 'சங்கு ஊதிச்சா?'ன்னு கேட்டு உக்கார வச்சிட்டாரு. ட்ரில் கிளாஸையும் என் தலையில கட்டிட்டாரு."

"அதுக்கு?"

"இன்னிக்குக் காலைச் சங்கும்தான் ஊதல. அதான் பள்ளிக்கூட ஸ்டாப்புல எறங்கல. ஊதட்டும், போறேன்."

"அப்போ புள்ளைங்க?"

வாத்தியார் ஜன்னல் வழியே பள்ளிக்கூடம் இருந்த திசையைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ ஒரு சங்கு நீளமாக ஊதியது. அவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"குந்து நைனா, அது வேற கம்பெனி சங்கு."

"எந்தக் கம்பெனி சங்குன்னு அக்ரிமெண்ட்ல போடலியே!"

டோல்கேட்டில் இறங்கி, வந்த வழியே பள்ளிக்கூடத்தைப் பார்த்து வேகமாக நடந்தார்.