முதல் பதிப்புக்குப் பெரிய பொட்டு

ஆயுத பூஜை முடிந்த வாரம், மூக்கண்டப்பள்ளியில் கம்பெனி பஸ் ஏறினேன். முன் சீட்டில் சீருடையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"பொட்டு வெச்சதால புக்கு வீணாப் போச்சுண்ணா," என்றான் இளையவன்.

"என்ன புக்கு?"

"பசங்க கதை புக்குண்ணா. ரொம்பப் பழசு, முதல் பதிப்பு. பெங்களூர்ல பழைய புக்கு சேக்கறவரு ஒருத்தர் கேட்டிருந்தாரு. அட்டையில கறை இருந்தா வேணாம்னுட்டாரு."

"பூஜையில நீயா வெச்ச?"

"நான் ஷிஃப்ட்ல இருந்தேன். சம்சாரம்தான் எல்லா புக்கயும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வெச்சிருக்கா."

"தொடச்சுப் பாக்கறதுதானே?"

"தொடச்சேன். அட்டையில முயலோட மூஞ்சியே போயிருச்சு."

"திட்டுனியா?"

"வாயத் தெறந்தேன். 'இருக்கறதுலயே இதுதான் ஒசந்த புக்குன்னு நீங்கதானே சொன்னீங்க, அதான் இதுக்கு மட்டும் பெரிய பொட்டா வெச்சேன்'ங்கறா."