செங்கம் ரோடு மெஷின்

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி சார். பரவாயில்லை, குடிக்கிறேன். கோபத்தில் கண்மண் தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோபம் இருந்தது, இப்போதும் வயிறு எரிகிறது. ஆனால் யோசித்துத்தான் செய்தேன்.

எங்கள் அலுவலகம் வேங்கிக்காலில். ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை வாங்கி வண்டிகளுக்கு அனுப்பும் ஜாவா புரோகிராம் நான் எழுதியது. அதை ஓட்ட ரன்டைம் என்று இன்னொரு மென்பொருள் வேண்டும், அதில் பல வகை இருக்கின்றன. நான் போட்டிருந்தது மெதுவானது என்றாள் அருணாதேவி. கீழ்பென்னாத்தூரிலிருந்து நேற்று வேலைக்கு வந்தவள். முதலாளி விமல்ராஜ் உடனே போட்டி வைத்துவிட்டார். இரண்டு லினக்ஸ் மெஷின்கள், ஒன்றில் என் ரன்டைம், இன்னொன்றில் அவள் சொன்னது. ஊருக்குள்ளிருந்து வரும் அழைப்புகள் என்னுடையதற்கு, செங்கம் ரோட்டுப் பக்கத்து அழைப்புகள் அவளுடையதற்கு. தீபத் திருவிழா முடிந்ததும் ஜெயித்தவர் கையில் மொத்தப் பொறுப்பும்.

அவளுடையதுதான் வேகம். அதை நான் மறுக்கவில்லை.

“முருகவேல், அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் கத்துக்கோங்க” என்று எல்லார் முன்னாலும் சிரித்தார் விமல்ராஜ். நான் கட்டிய வீட்டில் என்னையே வாசலில் நிறுத்தியது போல இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன்.

ஒவ்வொரு அழைப்பையும் கவனிக்க ஒரு திரெட் வேண்டும், ஒரு பணியாளர் மாதிரி. எத்தனை திரெட் வரலாம் என்பதற்கு லினக்ஸில் வரம்பு வைக்க முடியும். அவள் மெஷினில் அதைக் குறைத்தேன். சாதாரண நாளில் எதுவும் தெரியாது. அழைப்புகள் குவிந்தால் புது அழைப்பை எடுக்க ஆளிருக்காது. அப்போது ஜாவா, மெமரி போதவில்லை என்றுதான் சொல்லும். இந்த வேலையில் அனுபவப்பட்டவர்கள் அந்தப் பேச்சை நம்பமாட்டார்கள். அவள் நம்புவாள் என்று எனக்குத் தெரியும்.

தீபத்தன்று மதியம் முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார். அழைப்புகள் குவிந்து அவள் மெஷின் நின்றது. மெமரியைக் கூட்டினாள், மறுபடி ஓடவிட்டாள், மறுபடி நின்றது.

“அண்ணா, ஒரு போன்கூட உள்ள வரமாட்டேங்குது. எல்லாத்தையும் உங்க மெஷினுக்கு மாத்தி வுட்டுடலாங்களா?” என்று அழுதாள்.

“மாத்திட்டா அப்புறம் ரெண்டுத்தையும் எப்படிம்மா ஒப்பிட்டுப் பாக்கறது? மெமரி கம்மின்னு அதுவே சொல்லுது, அதைப் பாரு” என்றேன்.

எடுக்கப்படாத எண்கள் என் திரையில் தெரிந்தன. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தது. அது திரௌபதி என்கிற அம்மா, கணவர் இருசப்பனுக்கு நெஞ்சுவலி என்று கூப்பிட்டது என்பதெல்லாம் நீங்கள் சொல்லித்தான் தெரியும். ஒரு வரியைத் திருத்தியிருந்தால் வண்டி போயிருக்கும். அவளும் ஜெயித்திருப்பாள். அந்த எண் வருவது நிற்கும்வரை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தன்னால்தான் அந்த மனுஷன் செத்தார் என்று அருணாதேவி வேலையை விட்டுப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை.

செங்கம் ரோடு என் பொறுப்பே இல்லை சார். என் மெஷினைக் கூப்பிட்ட ஒருவர்கூட அன்றைக்குச் சாகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.