பென்சிலால் குடும்பங்களை வரைந்த மருத்துவருக்கு

பரம்பரைப் புற்றுநோய் ஆய்வுப் பிரிவை ஒற்றை அறையில் தொடங்கி ஓங்க வளர்த்தவரே, ஆய்வில் ஆழமும் அன்பில் அளவின்மையும் கொண்டவரே, அறியாததை அறியேன் என்று சொல்லக் கூசாதவரே, இன்று பணிநிறைவு பெறும் எங்கள் தலைமை மருத்துவரே, உங்களோடு உழைத்தவர்கள் ஒன்றுகூடி உரைக்கும் வணக்கம்.

சலவை அறைக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவில் ஒரு சிறிய அறை தந்தார்கள் உங்களுக்கு. மேசையில் வெள்ளைத்தாள், பென்சில், அழிப்பான். நோயாளி வந்தால் மற்ற மருத்துவர்கள் "என்ன செய்யுது?" என்பார்கள், நீங்கள் "கூடப் பிறந்தவங்க யாரெல்லாம்?" என்பீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்கு உள்ளே கறுப்பு, மறைந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. பேச்சு முடிவதற்குள் தாளில் ஒரு குடும்ப மரம் கிளைத்திருக்கும். பேனாவை நீங்கள் தொட்டதில்லை. கேட்டால், "குடும்பம் நாளைக்கே மாறும். பேனா எதுக்கு?" என்பீர்கள். 'பென்சில் டாக்டர்' என்று உங்களுக்கு நோயாளிகள் வைத்த பெயர் உங்கள் காதுக்கு எட்டாது என்று நாங்கள் நம்பியிருந்தோம். ஒருநாள் நீங்களே தொலைபேசியை எடுத்து, "ஆமா, பென்சில் டாக்டர்தான் பேசறேன்" என்றீர்கள்.

உங்கள் இன்னொரு கேள்வியும் இந்தக் கட்டடம் முழுக்கப் பிரபலம். யாராவது சித்திக்கு நோய் என்று சொன்னால் பென்சில் நின்றுவிடும். "கூடப் பிறந்த சித்தியா, கட்டிக்கிட்டு வந்த சித்தியா?" அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி. அன்பில் இருவரும் ஒன்று, ரத்தத்தில் வேறு. எங்கள் வரவேற்பாளர் தன் வீட்டுக் கல்யாணத்திலும் வாய்தவறி இந்தக் கேள்வியைக் கேட்டு மாட்டிக்கொண்டார்.

நீங்கள் எங்களுக்குக் கற்றுத்தந்தவற்றில் முதன்மையானது எளிமையானது. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது; அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. அம்மாவின் இரண்டில் ஒன்று பழுதென்றால், அது பிள்ளைக்கு வருவதும் வராததும் நாணயம் சுண்டுவது போல. ஆகவே ஒரு குடும்பத்தில் பழுதைத் தேடுவதென்றால் நோய் வந்தவரிடம் முதலில் தேட வேண்டும். "நல்லா இருக்கிறவங்ககிட்ட முதல்ல தேடுறது, திருடு போகாத வீட்டுல கைரேகை எடுக்கிற மாதிரி" என்பீர்கள். இதன் முழுப்பொருளை எங்களுக்கு உணர்த்தியவர் ஒரு பள்ளி ஆசிரியை. அவர் சம்மதத்தோடு அந்தக் கதையை இங்கே சொல்கிறோம்.

அவருடைய தாய் மார்பகப் புற்றுநோயில் இளவயதிலேயே மறைந்தவர். வேறொரு மருத்துவமனையில் மகளுக்கு மட்டும் சோதனை செய்து, ஒரு மரபணுவில் மாற்றம் இருக்கிறது, பொருள் தெரியவில்லை என்று அறிக்கை தந்திருந்தார்கள். அவர் காதில் 'மாற்றம்' மட்டுமே விழுந்தது. இரு மார்பகங்களையும் அகற்ற நாள் குறித்துக்கொண்டு, கடைசியாக ஒரு கருத்துக் கேட்க உங்களிடம் வந்தார்.

"எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன் டாக்டர். அம்மா பட்டதைப் பக்கத்துலயே இருந்து பாத்தவ நான்."

"அந்த மாற்றம் கெட்டதுன்னு யாரு சொன்னா?"

"யாருக்கும் தெரியலைன்னுதான் போட்டிருக்கு."

"எங்களுக்கே தெரியாத ஒண்ணுக்காக உடம்புல கத்தி வைக்கச் சொல்றியாம்மா? கொஞ்ச நாள் குடு. அதுவரைக்கும் ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவர் போன பிறகு, அறுவை மருத்துவர் உங்களிடம் கேட்டார்: "நீங்க சொல்றது தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா பழி என் தலையில. அவசரப்பட்டா தழும்பு அவ உடம்புல" என்றீர்கள். சொல்லிவிட்டீர்களே தவிர, அந்த நாட்களில் நீங்கள் தேநீரைக் குடிக்க மறந்து ஆறவைத்ததை நாங்கள் பார்த்தோம்.

அந்தக் குடும்பத்தில் நோய் வந்து பிழைத்திருந்தவர் ஒருவர்தான்: ஆசிரியையின் சித்தி, அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. இரு வீட்டுக்கும் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. தொலைபேசியில் கேட்டபோது சோதனைக்கு ரத்தம் தர அவர் மறுத்துவிடவே, எங்கள் செவிலியரை அழைத்துக்கொண்டு நீங்களே அவர் வீட்டு வாசலில் போய் நின்றீர்கள்.

"அக்கா செத்ததைக்கூட மூணாம் மனுஷங்க சொல்லித்தான் தெரிஞ்சுக்கிட்டேன். இப்ப ரத்தம் மட்டும் என்னுது வேணுமா?" என்றார் சித்தி.

"கோபம் நியாயம்தான். கோபத்தோடயே குடுங்க. ரத்தத்துல அது கலக்காது."

சிரிக்கக் கூடாது என்றிருந்தவர் சிரித்துவிட்டார். கதவு திறந்தது. "அவளுக்காக ஒண்ணும் இல்ல, உங்க வாய்க்காகக் குடுக்கறேன்" என்று முழங்கைக்கு மேலே புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

முடிவு வந்தது. ஆசிரியையிடம் இருந்த அந்தப் புரியாத மாற்றம் சித்தியிடம் இல்லை. சித்தியிடம் இருந்தது வேறொரு மரபணுவில், தீங்கு என்று உலகமே அறிந்த ஒரு பழுது. நோயியல் கூடத்தில் சிகிச்சையின்போது எடுத்து மெழுகில் பதித்துப் பாதுகாத்து வைத்திருந்த தாயின் திசுவைத் தேடி எடுத்துச் சோதித்தீர்கள். அதிலும் அதே பழுது; அந்தக் குடும்பத்து நோய்க்குக் காரணம் அதுதான். மகளுக்கு அது இல்லை என்பது முதல் அறிக்கையிலேயே இருந்ததுதான். ஆனால் எதைத் தேடுகிறோம் என்று தெரியாதவரை, 'இல்லை' என்ற சொல்லுக்கு எடை கிடையாது. சித்தியின் ரத்தம் அந்தச் சொல்லுக்கு எடை தந்தது. நாணயம் ஆசிரியைக்கு நல்லபடி விழுந்திருந்தது. அறுவைச் சிகிச்சை தேவைப்படவில்லை.

நாங்கள் மகிழ்ந்து பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சித்திக்குக் கீழே ஒரு வட்டம் இருந்தது. அவருடைய ஒரே மகள். பென்சில் முனையால் அதைத் தொட்டு, "இவளுக்கு யார் சொல்றது?" என்றீர்கள்.

சொன்னவர் ஆசிரியைதான். பேச்சற்றுப் போன வீட்டுக்கு அவரே நடந்து போனார். சித்தி மகளான அந்தத் தங்கைக்குச் சோதனையில் அந்தப் பழுது இருந்தது. ஸ்கேனில், கையால் தடவினாலும் தெரியாத அளவில் ஒரு கட்டி இருந்தது. எளிதில் குணப்படுத்தும் பருவத்திலேயே சிகிச்சை நடந்தது. அக்காள் மகளுக்காகக் கோபத்தோடு கொடுத்த ரத்தம், கொடுத்தவரின் சொந்த மகளைக் காத்தது.

உங்கள் பெயரில் வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைப் புகழ அறிஞர்கள் உண்டு. நாங்கள் புகழ்வது அந்தப் பென்சில் முனையை. நல்ல செய்தி வந்த தாளிலும், செய்தி போய்ச் சேராத இன்னொருவரைத் தேடிய முனை அது.

இந்த அரங்கின் பின்வரிசையில் சித்தியும் ஆசிரியையும் தங்கையும் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். உள்ளே வரும்போது சித்தி எங்களிடம் சொன்னார்: "டாக்டரம்மா போயிட்டா பொருள் தெரியாத அறிக்கையை எல்லாம் யாரு தெரிஞ்சு சொல்வாங்க? அதைக் கேளுங்க முதல்ல." சபையறியப் பதில் சொல்கிறோம். பொருள் தெரியாமல் நிற்கும் அறிக்கைகளை நீங்கள் செய்ததுபோலவே மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்ப்போம். தெரியும்வரை தெரியாது என்போம். தெரிந்த அன்றே கதவைத் தட்டுவோம்.

நோயற்ற உடலும் நிறைந்த உள்ளமும் நெடிய ஆயுளும் பெற்று நீங்கள் வாழ வேண்டும். இனி உங்கள் காலை நேரம் உங்களுடையது. தேநீரைச் சூடாகவே குடியுங்கள். உங்கள் மேசை இழுப்பறையிலிருந்த பென்சில்களை மட்டும் திருப்பித் தர மாட்டோம். ஆசிரியைக்கு அடுத்த மாதம் பிரசவம். அந்தத் தாளில் வட்டமோ சதுரமோ, ஒன்று வரைய வேண்டியிருக்கிறது.

என்றும் உங்கள் மாணவர்களாகவே இருக்கும்,
பரம்பரைப் புற்றுநோய் ஆய்வுப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகத்தார், அலுவலகத்தார்