விழுந்த வேளாண்மையும் வெட்டிய கைகளும்

மழையை இறக்குகிறவனும் மழையை நிறுத்துகிறவனுமாகிய இறைவனின் பெயரால் தொடங்குகிறேன்.

இந்தப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தின் தலைமைக் கதிரையில் வீற்றிருக்கும் எங்கள் கமக்காரர் அமைப்பின் தலைவர் ஸெய்னுதீன் ஹாஜியார் அவர்களே! மேடைக்கு மதிப்பைத் தரும் அலுவலர்களே! வானத்தைப் பார்த்து மழையைச் சொல்லும், வாய்க்காலைப் பார்த்து வழக்கைத் தீர்க்கும் வட்டவிதானை அவர்களே! விதை நெல்லுக்கு முன்பே வியர்வையை விதைத்துவிடும் தோப்பூரின் தகப்பன்மாரே! களை பிடுங்கிக் களைத்த கைகளோடு கடைசி வரிசையில் இருக்கும் தாய்மாரே! வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் தமிழ் உறவுகளே! மேடையின் ஓரத்தில், மடியில் பையோடு அமர்ந்திருக்கும் காப்புறுதிக் கம்பனியின் பிரதிநிதி நௌபர் அவர்களே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி நிலவட்டும். எல்லோருக்கும் என் வணக்கம்.

என்ன? கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டப் பிடிக்கச் சொல்கிறார்கள். ஓம், பிடிக்கிறேன். இப்போது கேட்கிறதா?

நான் கலீலுர் றஹ்மானின் மகள் இன்ஷிரா. இந்த இடத்தில் நிற்கவேண்டியவர் என் வாப்பா. தலைவர் அவருடைய பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். கதவடியில் இருக்கும் அவர் எழும்பவில்லை. அதனால் நான் எழும்பினேன்.

விதைப்புத் திகதி தீர்மானித்தாயிற்று. வாய்க்கால் துப்புரவு தீர்மானித்தாயிற்று. இனி வாக்குக்கு வரப்போவது மூன்றாவது தீர்மானம். தலைவர் வாசித்ததைத் திருப்பிச் சொல்கிறேன். காப்புறுதி செய்த வயலில் விளைந்த வேளாண்மை மழைக்குச் சாய்ந்து விழுந்தால், கம்பனி அலுவலர் வந்து பார்க்கும்வரை சொந்தக்காரரோ அயலவரோ ஒருவரும் வெட்டக் கத்தி வைக்கக் கூடாது.

எங்கள் வயலை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதியிருக்கிறீர்கள். எங்கள் நட்டத்துக்கு இரங்கித்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வயலின் பிள்ளையாக நின்று கேட்கிறேன். பெரியோர்களே, இதற்குக் கை தூக்காதீர்கள்!

"அப்ப உங்களப் போல எல்லாரும் நட்டப்படவா?" என்று அங்கே அண்ணன் முறையான ஒரு காக்கா கேட்கிறார். நல்ல கேள்வி. பதில் சொல்லத்தான் வந்தனான். கொஞ்சம் பொறுங்கள் காக்கா.

போன பெரும்போகத்து விதைப்பு நேரம் நௌபர் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி குடித்தார். வெள்ளமா? காப்புறுதி உண்டு. வரட்சியா? உண்டு. யானையா? அதற்கும் உண்டு. அவர் சொல்லச் சொல்ல, எங்கள் வீட்டுக்கு இன்னொரு கூரை போட்டதுபோல இருந்தது. என் உம்மா ஸல்ஹா குசினி வாசலில் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"தம்பி, வெள்ளம் வந்தா நாங்க என்ன செய்யோணும்?"

"போனில ஒரு கோல் எடுங்க உம்மா. மிச்சத்த நாங்க பாத்துக்குவம்."

மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம்! எவ்வளவு குளிர்ச்சியான சொல்! வாப்பா காப்புறுதிக் கட்டுப்பணத்தைக் கட்டினார். கட்டியதோடு நிற்காமல் சந்தையில் கண்டவர்களிடமெல்லாம், "நீங்களும் போடுங்க, நல்ல விசயம்" என்று சொல்லியும் திரிந்தார். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் அவருடைய சொல்லைக் கேட்டுக் கட்டினீர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இன்று அவர் எழும்பாததற்குக் காரணமும் அதுதான்.

பொன்னாய் விளைந்த நேரம் பொழுதெல்லாம் மழை பொழிந்தது. கதிர் விழுந்தது. விழுந்த கதிரின்மேல் தண்ணீர் நின்றது. நெல் வெட்டுமெசின் வந்து வரம்படியில் புதைந்து, உழவு மெசினால் இழுபட்டுத் திரும்பிப் போனது. நாங்கள் கோல் எடுத்தோம். "வாறம்" என்றார்கள். மறுநாளும் எடுத்தோம். "ரோட்டு வெள்ளம், வாறம்" என்றார்கள். அதற்குப் பிறகு எடுத்தபோது மணி மட்டும் அடித்தது. கதிரிலேயே நெல் முளைக்கத் தொடங்கியது. பச்சை முளையைக் கண்டு மகிழாத கமக்காரன் உண்டா? அன்றைக்கு அந்தப் பச்சையைக் கண்டு வாப்பா வரம்பிலேயே குந்திவிட்டார்.

அப்போது வந்தார்கள் ஐயா! அழைக்காமல் வந்தார்கள்! கூலி பேசாமல் வந்தார்கள்! வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆனந்தராசா மாமா வந்தார். அவருடைய மகன் ரஜீவன் வந்தார். அவர்களைக் கண்டு எங்கள் தெரு முழுவதும் இறங்கியது. விழுந்த வேளாண்மையைப் பார்த்துக்கொண்டு கடந்துபோகிறவனுக்கு இந்த வயல் வட்டையில் என்ன பெயர்? நான் சொல்லமாட்டேன், தாய்மார் இருக்கிறார்கள். உங்கள் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். ஆனந்தராசா மாமாதான் முதலில் கேட்டார்.

"றஹ்மான் காக்கா, என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்?"

"கம்பனிக்காரர் வரட்டும் தம்பி."

"கம்பனிக்காரர் வரட்டும், சந்தோசம். நெல்லு நிக்குமோ? நெல்லுக்கு என்ன, கோல் எடுத்துச் சொல்லியாச்சோ முளைக்காத எண்டு?"

அந்த வெள்ளத்திலும் எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தார். முழங்கால் தண்ணீரில் நின்று கையால் வெட்டினார்கள். படங்கு விரிப்பில் போட்டு இழுத்தார்கள். தார் ரோட்டில் பரப்பிக் காயவைத்தார்கள். பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சியது. மிஞ்சியதும் கறுத்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு கம்பனியிலிருந்து சேதம் பார்வையிடுகிற ஐயா வந்தார். சப்பாத்தை வாகனத்திலேயே விட்டுவிட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு, வரம்பில் நின்று கேட்டார்.

"சேதமான பயிர் எங்க?"

வாப்பா ரோட்டைக் காட்டினார்.

"அது நெல்லு. நான் கேக்கிறது பயிர். நிக்கிற பயிரைத்தான் நான் அளக்க ஏலும். வெட்டின வயலுக்கு நட்டஈடு இல்ல."

"சேர், ஊரே வந்து வெட்டினது. ஊரையே கேளுங்க."

"ஊர் சொல்லுறத எழுத இதில இடம் இல்ல."

ஊர் சொல்வதற்கு இடம் இல்லை! எழுதிவைத்துக்கொள்ளுங்கள், பெரியோர்களே!

கசப்பு இத்தோடு முடிந்ததா? எங்கள் வரம்பை ஒட்டிய அடுத்த வயல் பட்டணத்தில் இருக்கும் ஒருவருடையது. அவர் மழைக்கு வரவில்லை, வெட்டுக்கு வரவில்லை. அவருடைய வேளாண்மை விழுந்த இடத்திலேயே அழுகிக் கிடந்தது. ஐயா அதைப் பார்த்தார், அளந்தார், படம் பிடித்தார். நட்டஈடு போய்ச் சேர்ந்தது. அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. விதி அப்படி. அழுகவிட்ட வயலுக்குக் காசு! அள்ளி எடுத்த வயலுக்குக் கைவிரிப்பு! இது என்ன நீதி? இது யாருடைய நீதி?

வாப்பாவோ விளைந்த நெல்லின் விலையே திரும்பி வரும் என்று நம்பியிருந்தார். அது அப்படி இல்லை என்பதை அவர்களுடைய அலுவலகத்துக்குக் கோல் எடுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் நான் அறிந்தேன். நௌபர் அவர்களே, பிழையென்றால் திருத்துங்கள். இவர்கள் ஈடு செய்வது உழவுக்கும் விதைக்கும் உரத்துக்கும் நாம் போட்ட செலவில் ஒரு பங்கை. ஏக்கருக்கு ஓர் உச்ச அளவு உண்டு. பொன்னே விளைந்திருந்தாலும் அதற்குமேல் ஒரு சதம் ஏறாது. கூடக் கட்டினால் அந்த உச்சம் கூடும், குறையக் கட்டினால் குறையும். வயலில் பாதிக்குமேல் அழிந்திருக்கவேண்டும். இந்தக் கூட்டத்தில் வைத்த விதைப்புத் திகதிக்குப் பிந்தி விதைத்தால் ஒன்றும் இல்லை. காட்டு யானை மிதித்தால் உண்டு, அயலவருடைய மாடு மேய்ந்தால் இல்லை.

"அப்ப மாட்டுக்குத் தும்பிக்கை கட்டி விடுவம்" என்கிறார் ஒருவர். சிரியுங்கள். கட்டுப்பணம் கட்டுவதற்கு முன்னர் இதைக் கேட்டுச் சிரிக்கிறவர் பாக்கியசாலி. நாங்கள் கட்டிய பிறகல்லவா கேட்டோம்!

நௌபர் அவர்கள் தலையை ஆட்டுகிறார். நான் சொன்னது சரியாம். அப்படியானால் இதை ஏன் எங்கள் வீட்டு முற்றத்தில் சொல்லவில்லை?

இனி அந்தக் காக்காவுக்குப் பதில். நட்டப்படச் சொல்லவில்லை காக்கா. ஆனால் இந்தத் தீர்மானம் என்ன சொல்கிறது? விழுந்த வயலைக் கண்டால் விலகிப் போ என்கிறது. முளைக்கட்டும், அழுகட்டும், நீ கரையில் நின்று பார் என்கிறது. ஒரு போகம் பார்த்து நிற்போம். இரண்டு போகம் பார்த்து நிற்போம். மூன்றாவது போகம், காப்புறுதி இல்லாத ஏழையின் வயல் விழும்போது, இறங்குவதற்கு நமக்குக் கால் வருமா?

ஏற்கெனவே அது தொடங்கிவிட்டது. அன்று முதல் ஆனந்தராசா மாமா எங்கள் வரம்பில் கால் வைக்கவில்லை. பெருநாளைக்கு உம்மா சோறு அனுப்பினா. வாங்கிக்கொண்டு சொன்னாராம், "தங்கச்சி, எங்கட கத்தியாலதானே உங்கட காசு போச்சு." உதவி செய்தவர் வெட்கப்பட்டுத் திரிகிறார், உறவுகளே! உதவாதவர் நிமிர்ந்து நடக்கிறார்!

மாமா, நீங்கள் பின்னால் நிற்பது எனக்குத் தெரிகிறது. நீங்கள் வெட்டித் தந்த நெல்லைத்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவிக்கிறோம். கொஞ்சம் மணக்கும். ஆனால் ஒருநாளும் அடுப்பு எரியாமல் இருந்ததில்லை.

ஆகவே நான் கேட்கும் திருத்தம் இது. வேளாண்மை விழுந்தால் கோல் எடுப்போம். மூன்று நாள் காத்திருப்போம். வராவிட்டால் இறங்குவோம்! வட்டவிதானையை வரம்பில் நிறுத்தி, படம் பிடித்து, வயலின் ஒரு மூலையை மட்டும் வெட்டாமல் விட்டு, மிச்சத்தை வெட்டுவோம். அந்த மூலையை அவர்கள் வந்து அளக்கட்டும். இதற்குச் சம்மதமா, நௌபர் அவர்களே? இந்த மைக்கிலேயே சொல்லுங்கள்.

"தங்கச்சி, அது மேலிடத்தில கேக்கோணும்" என்கிறார்.

மேலிடம்! வெள்ளம் மேலிடத்தில் கேட்டுவிட்டா வருகிறது? எங்கள் காசை வாங்க மேலிடத்தில் கேட்டீர்களா? சரி, கேளுங்கள். பதில் வரும்வரை, பெரியோர்களே, கட்டுப்பணம் உங்கள் மடியிலேயே இருக்கட்டும்!

இதனால் எங்களுக்கு இனி ஒரு சதமும் வரப்போவதில்லை. இந்தப் போகம் எங்கள் வயலைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. எடுத்தவர் அந்த அடுத்த வயல்காரர்தான். அழுகிய வயலின் காசு, அறுத்த வயலை வாங்கிக்கொண்டது. குத்தகைக்குக் கொடுத்தவருக்கு இந்தக் கூட்டத்தில் வாக்கும் இல்லை. அதுவும் ஒரு விதிதான்.

தலைவர் அவர்களே, வாக்கைக் கேளுங்கள். என் திருத்தத்துக்குச் சம்மதிக்கிறவர்கள், கத்தி பிடித்த கையையே தூக்குங்கள்!

ஆனந்தராசா மாமா தூக்கிவிட்டார். ரஜீவன் அண்ணன் தூக்கிவிட்டார். தாய்மாரே, நீங்களும் வெட்டினீர்கள், தூக்குங்கள். காக்கா, நீங்களுமா? அல்லாஹ் உங்களுக்கு அருள் செய்யட்டும்.

கதவடியிலும் ஒரு கை உயர்ந்திருக்கிறது. அது என் வாப்பாவின் கை. தலைவர் அவர்களே, அதை எண்ண விதியில் இடம் இல்லை, எனக்குத் தெரியும். எண்ணவேண்டாம். ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், அன்று முழங்கால் தண்ணீரில் நின்ற ஒவ்வொருவருக்கும் நன்றி. உங்கள் வயல்கள் விழாமல் விளையட்டும். விழுந்தால், நாங்கள் வருவோம். சாந்தி உங்கள்மேல் நிலவட்டும். வணக்கம்.